மருத்துவச் செலவை ஏற்பார் யார்?

நோயுற்றவன், நோயைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அம்மருந்தை உடனிருந்து கொடுப்பவன் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார் திருவள்ளுவர். அவை நான்கும் ஒருங்கே அமைந்தாலன்றி நோய் தீராது என்பது எக்காலத்துக்கும் பொருந்துவதே. ஆயினும் அந்நான்கினையும் ஓரிடத்திற் கூட்டுவிப்பதற்குப் பொருள் வேண்டும். அப்பொருளைத் தருவார் யார்? நோயாளியே தருவதா, அவனை வேலைக்கு வைத்திருப்பவர் தருவதா, அன்றி நாட்டார் அனைவரும் வரியாகக் கூடித் தருவதா? கடந்த நூற்றைம்பது ஆண்டுகளாக உலக நாடுகளின் அரசியலாரும் பொருளியலாரும் இவ்வினாவுக்கு வெவ்வேறு விடை கண்டுள்ளனர். இதனை வெறுங் கணக்குப் பற்றிய வினா எனக் கருதுதல் பொருந்தாது. பணம் தருபவர் மாறினால் கிடைக்கும் மருத்துவத்தின் தன்மையும் மாறிவிடுகின்றது. அவ்வாறு மாறுவதைக் காண மலையகத்தில் ஒரு சிறு வட்டாரமே போதும்.

கண்டியிலிருந்து பேராதனை, கலஹா வழியாக மலையேறிச் செல்லும் வீதி தெல்தோட்டையை அடைகின்றது. கடைவீதியையும் அதனை அடுத்த ஊர்களையும் சிங்களரும் முஸ்லிம்களும் தமிழரும் பகிர்ந்து வாழ்கின்றனர். ஊருக்கென அரசாங்க வைத்தியசாலை ஒன்று உண்டு. சுற்றியுள்ள மலைகளோ தேயிலைத் தோட்டங்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் இலங்கையின் முதல் வணிகத் தேயிலையைப் பயிரிட்ட லூல்கந்துர இவ்வட்டாரத்ததே. ஒரே மழையை நனைந்து ஒரே சந்தையிற் பொருள் வாங்கும் இம்மக்களுள், ஊரவருக்கு ஒரு மருத்துவ முறையும் தோட்டத்தாருக்கு வேறொரு மருத்துவ முறையும் நெடுங்காலம் வழங்கிவந்தன. முன்னதன் செலவை அரசு ஏற்றது. பின்னதன் செலவைத் தோட்டம் ஏற்றது.

தோட்ட முறையின் தோற்றம் கோப்பிக் காலத்தது. தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர் காட்டு வழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்து வந்தனர். வாந்திபேதியும் வைசூரியும் காய்ச்சலும் வழியிற் பலரைக் கொண்டன. எஞ்சியோருட் பலர் தோட்டத்தை அடைந்தபின் வயிற்றளைச்சலால் மாண்டனர். நோயுற்று வேலைக்கு உதவாதவனைப் பெயர் வெட்டி வெளியே அனுப்பிவிடுவது தோட்டத்துக்கு எளிதாயிருந்தது. அவன் வீதியோரத்திற் கிடப்பான். அல்லது கண்டியிலோ கம்பளையிலோ உள்ள அரசாங்க ஆசுபத்திரியை அடைந்து அங்கே உயிர்விடுவான். உழைப்பின் பயன் தோட்டத்துக்கு, உழைத்தவனுடைய நோயின் செலவு பிறருக்கு என்பதாயிற்று. தொழிற்சாலை தன் கழிவை ஆற்றில் விட்டு ஆற்றோரத்தாரைத் துன்புறுத்துவதைப் பொருளியலார் புறவிளைவு என்பர். கோப்பித் தோட்டத்தின் புறவிளைவு நோயுற்ற மனிதனே.

1872ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மருத்துவத் தேவைகள் சட்டம் இதற்குப் பரிகாரமாக வந்தது. தோட்டப் பகுதிகள் மருத்துவ மாவட்டங்களாக வகுக்கப்பட்டன, வைத்தியர் நியமிக்கப்பட்டனர், செலவின் பொருட்டுத் தோட்டக்காரரிடம் வரி பெறப்பட்டது. 1880களில் இவ்வேற்பாடு அரசாங்கத்தின் நேரடி மேற்பார்வைக்கு வந்தது. ஏற்றுமதியாகும் விளைபொருளின் மீது தீர்வை விதித்துச் செலவை ஈடுசெய்யும் வழியும் கைக்கொள்ளப்பட்டது. 1912இல் மீண்டும் இரு சட்டங்கள் இயற்றப்பட்டன. லயன்களின் சுத்தம், மலசலகூடம், நோயாளருக்கு உணவு, மருந்து முதலியன தோட்டத்தின் கடமைகளாக வற்புறுத்தப்பட்டன. தோட்டத்து ஆசுபத்திரியும் மருந்துச்சாலையும் பிள்ளைமடுவமும் மலையகத்திற் பெருகியது இதன் பின்னரே.

ஆகவே காலத்தால் நோக்கின் தோட்டத்தொழிலாளியே முந்தியவன். தன் நோய்க்கு மருத்துவம் அளிக்கப்படல் வேண்டுமென்று சட்டம் கூறும் நிலை அவனுக்கு வாய்த்தபோது, அண்டையிலிருந்த கிராமத்துக் குடியானவனுக்கு நாட்டு வைத்தியரும் தேவதைகளுமே துணை. இவ்வுண்மையை மறைத்துத் தோட்ட வரலாற்றை எழுதுதல் நேர்மையாகாது. எனினும் முந்தியவன் பின்னர் எவ்வாறு பிந்தினான் என்பதே ஆராயத்தக்கது.

தோட்டக்காரர் ஏன் பணம் செலவிட்டனர்? அவருள்ளும் இரக்கமுடையோர் இருந்தனர் என்பதை மறுக்கவேண்டுவதில்லை. ஆயின் கணக்குப் புத்தகத்தில் இரக்கத்துக்குத் தனி நிரல் இல்லை. கடல் கடந்து ஒருவனைக் கொணர்வதற்குக் கங்காணிக்கு முற்பணம் கொடுக்க வேண்டும். வந்தவன் இறந்தால் அப்பணம் போயிற்று. அன்றியும் இந்திய அரசாங்கம் குடிபெயர்வைத் தடுத்துவிடுமோ என்ற அச்சமும் இருந்தது. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தின் பின், 1923 முதல் இந்திய அரசாங்கத்தின் முகவர் ஒருவர் கண்டியிலே தங்கித் தொழிலாளர் நிலையைக் கண்காணித்தார். கொக்கிப்புழு ஒழிப்பும் இவ்வகையிற் கருதத்தக்கது. றொக்பெல்லர் நிறுவனத்தார் 1916இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் அவ்வேலையைத் தொடங்கினர். இரத்தம் குறைந்து சோர்ந்த தொழிலாளி குறைவாகவே கொழுந்து பறிப்பான். புழு நீங்கினால் விளைவு பெருகும். இங்கே மருத்துவம் உரத்தைப் போன்ற ஒரு செலவு. அச்செலவு ஈட்டும் வருவாய் உள்ளளவும் அது செய்யப்படும். வேலை செய்யும் வயதினருக்கு முதலிலும், குழந்தைகளுக்குப் பின்னரும், முதியோருக்கு இறுதியிலும் செய்யப்படும்.

நோய், துரையென்றும் தொழிலாளியென்றும் பார்க்கவில்லை. தேயிலைக்குத் தந்தையெனப் போற்றப்படும் டெய்லர் 1892இல் அதே வயிற்றளைச்சலுக்கு இரையாகி, கண்டி மகாய்யாவ மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

இனி, தோட்டத்து மருந்துச்சாலையில் இருந்தவரின் நிலையைச் சிந்திக்க வேண்டும். அவரைத் தொழிலாளர் 'டாக்டரய்யா' என அழைத்தனர். பெரும்பாலும் அவர் மருந்து கலக்கப் பயின்றவரேயன்றி மருத்துவப் பட்டதாரியல்லர். அவருக்குச் சம்பளம் தந்தவர் துரை. காலையிற் பெரட்டுக்கு வராதவன் உண்மையில் நோயாளியா, அன்றி வேலைக்குக் கள்ளமிடுகின்றானா என்று கூறவேண்டியவரும் அவரே. ஒரே மனிதர் நோயாளிக்கு நண்பராகவும் முதலாளிக்குச் சாட்சியாகவும் எவ்வாறு இருத்தல் கூடும்? அமெரிக்கப் பொருளியலறிஞர் கெனத் ஆரோ 1963இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையொன்றில், மருத்துவம் பிற சந்தைப் பொருள்களைப் போன்றதன்று என நிறுவினார். அரிசி வாங்குபவன் அரிசியை அறிவான். மருத்துவம் பெறுபவன் தனக்கு எது தேவையென அறியான். ஆதலால் மருத்துவர் தன் நலத்தையே கருதுவார் என்ற நம்பிக்கையின் மீதே அவன் தன் உடலை ஒப்படைக்கின்றான். அந்நம்பிக்கை சிதைந்தால் மருந்து நல்லதாயினும் மருத்துவம் குறைவுபடும். தோட்டங்களிற் சிதைந்தது அதுவே.

முதலாளியின் நிழலில் வாழும் தொழிலாளருக்கு வேறு வழியே இல்லையெனல் வேண்டா. வேல்ஸ் நாட்டில் திரெடேகர் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊர் உள்ளது. அவ்வூர்த் தொழிலாளர் தம் சம்பளத்திலிருந்து சிறு தொகை விட்டு மருத்துவ உதவிச் சங்கம் ஒன்றை நடத்தினர். வைத்தியரை நியமித்தவரும், அவர் சரியில்லையெனில் கேள்வி கேட்டவரும் அச்சங்கத்தினரே. அவ்வூரிற் பிறந்து சுரங்கத்தில் உழைத்த அனுரின் பெவன் பிற்காலத்திற் பிரித்தானிய சுகாதார அமைச்சராகி, 1948 யூலை 5ஆந் திகதி தேசிய சுகாதார சேவையைத் தொடக்கிவைத்தார். திரெடேகரில் பணத்தோடு அதிகாரமும் தொழிலாளர் கையில் இருந்தது. தெல்தோட்டைத் தொழிலாளியின் உழைப்பிலிருந்தே தேயிலையின் வருவாயும் தீர்வையும் வந்தனவெனினும், டாக்டரய்யாவை மாற்றும் உரிமை அவனுக்கு இருந்ததில்லை.

வேலையோடு மருத்துவத்தைப் பிணைக்கும் முறை ஏழை நாடுகளுக்கே உரியதென்று எண்ணுதல் தவறு. ஜெர்மனியிற் பிஸ்மார்க் 1883இல் தொழிலாளர் நோய்க்காப்பீட்டைச் சட்டமாக்கினார். ஆயின் அங்கே நிதியைக் காத்த சங்கங்களின் நிருவாகத்திற் தொழிலாளருக்கும் இடமிருந்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இரண்டாம் உலகப் போரின்போது சம்பள உயர்வு கட்டுப்படுத்தப்பட்டமையால், நிறுவனங்கள் சம்பளத்துக்கு ஈடாக மருத்துவக் காப்பீட்டை அளித்துத் தொழிலாளரை ஈர்த்தன. வரிச்சலுகையும் கிட்டவே அம்முறை வேரூன்றியது. இன்றும் அந்நாட்டிற் கோடிக்கணக்கானோர்க்கு வேலை போனால் காப்பீடும் போகின்றது. முதியோர்க்கும் வறியோர்க்கும் 1965இல் அரசுத் திட்டங்கள் வந்தன. 2010ஆம் ஆண்டுச் சட்டம் மேலும் பலரைச் சேர்த்தது. எனினும் நாட்டு வருமானத்தில் நூற்றுக்கு ஏறத்தாழப் பதினேழு பங்கை அந்நாடு மருத்துவத்துக்குச் செலவிடுகின்றது. இலங்கையின் மொத்தச் செலவு நூற்றுக்கு ஏறத்தாழ நான்கே. இரு நாட்டாரின் சராசரி ஆயுளுக்கு இடையே பெரிய வேறுபாடில்லை. இவ்வொப்பீட்டைக் கேட்டு இலங்கையர் மகிழ்வது இயல்பே. ஆயினும் சராசரி என்பது மலைமுகட்டையும் பள்ளத்தையும் ஒன்றாகச் சமன்செய்து காட்டும் கண்ணாடி என்பதை மறத்தலாகாது.

இலங்கைக் கிராமங்கள் முன்னேறிய கதை பலரும் அறிந்தது. ஆதலின் சுருங்கக் கூறலாம். 1926இற் களுத்துறையில் முதற் சுகாதாரப் பகுதி அமைக்கப்பட்டு, மருத்துவிச்சியும் சுகாதாரப் பரிசோதகரும் வீடுதோறும் செல்லும் வழக்கம் தொடங்கியது. 1931இற் சர்வசன வாக்குரிமை வந்தது. 1934, 1935ஆம் ஆண்டுகளில் மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பறித்தபோது, வாக்காளருக்கு விடைகூற வேண்டிய அரசாங்க சபையினர் வாளாவிருத்தல் இயலவில்லை. தத்தம் தொகுதிக்கு மருந்துச்சாலை, ஆசுபத்திரி, மருத்துவிச்சி வேண்டுமென ஒவ்வோர் உறுப்பினரும் வாதாடினர். டி.டி.ரி. தெளிப்பும் கைகொடுக்க, 1946இல் ஆயிரவருக்கு ஏறத்தாழ 20 ஆக இருந்த இறப்புவீதம் அடுத்த ஆண்டில் 14 ஆயிற்று. 1985இல் றொக்பெல்லர் நிறுவனத்தார் குறைந்த செலவில் நல்ல சுகாதாரம் பெற்றவையென ஆராய்ந்த நாடுகளுள் சீனம், கோஸ்டா ரிக்கா ஆகியவற்றோடும் இந்தியாவின் கேரளத்தோடும் இலங்கையும் இடம்பெற்றது. கிராமத்தானுக்கு ஆசுபத்திரியைத் தந்தது அவனது வாக்கு என்று கூறுதல் மிகையாகாது.

இவ்விடத்தில் 1948ஆம் ஆண்டு நினைவிற்கு வருதல் தவிர்க்கவொண்ணாதது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மலையகத் தமிழர், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தாலும் அதனைத் தொடர்ந்த சட்டங்களாலும் பெரும்பாலும் நாடற்றவராயினர், வாக்கும் போயிற்று. மூன்று ஆண்டுகளின் பின், 1951இல், அரசாங்க ஆசுபத்திரிகளிற் கட்டணம் நீக்கப்பட்டது. இலவச மருத்துவம் என்னும் பெருங் கொடை நாட்டுக்குக் கிடைத்த வேளையில், அதனைத் தம்மிடம் கொணருமாறு கேட்கும் வாய் தோட்டத்தாருக்கு இல்லாதிருந்தது. அவர் அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்வதை எச்சட்டமும் தடுக்கவில்லை. தெல்தோட்டை வைத்தியசாலையும் அவருக்குத் திறந்தே இருந்தது. ஆயின் நோய் வருமுன் காக்கும் சேவை, அஃதாவது மருத்துவிச்சியும் பரிசோதகரும் வாயிலைத் தேடி வருதல், தோட்ட எல்லையில் நெடுங்காலம் நின்றுவிட்டது. உள்ளே உள்ளவை தோட்டத்தின் பொறுப்பு என்று கூறப்பட்டது.

அதே 1951இல் இரு வேறு நாடுகள் வேறு திசைகளிற் சென்றமையும் நோக்கத்தக்கது. பிரித்தானியா பல்லுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் விதிக்க முற்பட்டது. அதனை எதிர்த்துப் பெவன் அமைச்சர் பதவியைத் துறந்தார். இந்தியா பெருந்தோட்டத் தொழிலாளர் சட்டத்தை இயற்றி, ஆசுபத்திரி, வீடு, பிள்ளைக் காப்பகம் ஆகியவற்றை நிருவாகத்தின் கடமையாக்கியது. இந்தியச் சட்டம் நல்லெண்ணத்தில் எழுந்ததே. ஆயினும் 2000ஆம் ஆண்டுக்குப் பின் தேயிலை விலை வீழ்ந்து, கேரளத்தின் பீர்மேட்டிலும் வடவங்கத்தின் டுவார்ஸ் பகுதியிலும் தோட்டங்களைக் கைவிட்டு நிருவாகத்தினர் வெளியேறியபோது, சம்பளத்தோடு ஆசுபத்திரியும் மூடுண்டது. முதலாளியின் மேல் ஏற்றப்பட்ட கடமை முதலாளி உள்ளவரைக்குமே.

இலவசம் என்பதன் விலையையும் அளந்து பார்க்க வேண்டும். இலங்கையின் அரசாங்க ஆசுபத்திரியிற் கட்டணம் இல்லை; காத்திருத்தல் உண்டு. வசதியுள்ளோர் காத்திருக்க விரும்பாது தனியார் மருத்துவரை நாடுவர். அதனால் அரசாங்கக் கட்டில் ஏழைக்கு எஞ்சுகின்றது. இஃது ஒருவகையில் நன்மையே. ஆயின் நாட்கூலி பெறுபவளுக்குக் காத்திருத்தலே கட்டணம். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு 'பேர்' விழும். குறித்த இறாத்தல் கொழுந்து குறைந்தால் அரைப்பேர். வராவிட்டால் பேரே இல்லை. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவென விதிக்கப்பட்டது. மேற்பிரிவு லயத்திலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, பஸ்ஸுக்கு நின்று, வெளிநோயாளர் வரிசையிற் காத்திருந்து மீளும் தாய்க்கு, அவ்விலவச மருந்தின் விலை அன்றைய பேர் முழுவதும், பஸ் கூலியும் ஆகும். சிறு கட்டணமும் ஏழையைத் தடுக்கும் என்பதற்கு நாட்டளவிலும் சான்று உண்டு. 1971இல் வெளிநோயாளருக்கு இருபத்தைந்து சதக் கட்டணம் விதிக்கப்பட்டபோது வருகை உடனே குறைந்தது. 1977இல் அது நீக்கப்பட்டது. இருபத்தைந்து சதம் செய்ததை ஒரு நாட்பேர் எத்துணை மடங்கு செய்யும்!

1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. அரசே முதலாளியானபின் இரு முறைகளும் ஒன்றாயிருத்தல் வேண்டும். ஆயினும் தோட்ட மருத்துவம் தோட்டக் கூட்டுத்தாபனங்களின் கணக்கிலேயே நின்றது. அக்காலத்தை அடுத்து 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில், வயலோ தோட்டமோ இல்லாத லயத்து மக்கள் நாட்டின் பிற பகுதியினரினும் மிகுதியாக மாண்டனர். அதன் பின்னரே மாற்றம் தொடங்கியது. 1980களிலே தோட்டங்களுக்கு மருத்துவமாதர் அனுப்பப்பட்டனர். சிசு மரணம் விரைந்து குறைந்தது. 1986, 1988ஆம் ஆண்டுச் சட்டங்களால் நாடற்றோர் பலர் குடியுரிமை பெற்றனர். 1990களின் நடுப்பகுதியிலிருந்து தோட்டத்து ஆசுபத்திரிகள் சில சுகாதார அமைச்சின் கீழ் வரலாயின. வாக்கு மீண்டபின் ஆசுபத்திரி வந்தமை தற்செயலன்று. 1992இல் தோட்ட நிருவாகம் பிராந்தியக் கம்பனிகளுக்குக் கையளிக்கப்பட்டபோது, அரசும் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்த நிதியம் ஒன்று நலன்புரி வேலைகளை ஏற்றது. கண்டி மாவட்டத்தின் தோட்டங்கள் சில, லூல்கந்துர உட்பட, அரச நிறுவனங்களிடமே எஞ்சின.

அரசு ஏற்ற சேவையும் குறையற்றதன்று. 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை அமைக்க முன்னின்று, மருந்தை வணிகப் பெயரால் அன்றி இயற்பெயரால் மொத்தமாக வாங்கிச் செலவைக் குறைக்க வழிகாட்டியவர் பேராசிரியர் சேனக்க பிபிலே. கண்டித் திரித்துவக் கல்லூரியிற் பயின்று பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாகவும் விளங்கியவர். அப்பேராதனையின் போதனா வைத்தியசாலையே 2022 மார்ச்சில், வெளிநாட்டுச் செலாவணி இன்றி மருந்து வாராமையால், முன்குறித்த சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைக்க நேர்ந்தது. நாட்டின் திறைசேரி வெறுமையானால் நாட்டார் அனைவரின் ஆசுபத்திரியும் வெறுமையாகும். ஆயின் அன்று அமைச்சரைக் கேள்வி கேட்க ஒரு நாடே எழுந்தது. பீர்மேட்டிற் பூட்டிய வாயிலின் முன் நின்றோர்க்குக் கேட்பதற்கு எவரும் இருக்கவில்லை.

2016ஆம் ஆண்டுக் குடித்தொகை சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரமின்றிக் குறுகியோர் நாடளாவ நூற்றுக்குப் பதினேழு. தோட்டப்புறத்தில் நூற்றுக்கு முப்பத்திரண்டு. இக்குறை மருந்தால் மட்டும் தீர்வதன்று. தாயின் உணவும், நீரும், லயத்தின் ஒற்றையறையும் அதனுள் அடங்கும். மருந்துச்சாலையைப் பொறுத்தவரையிலோ, தோட்டத்தில் வாழ்வோருட் பெரும்பாலோர் இன்று தோட்டத்திற் பேர் பதிந்து உழைப்போரல்லர். பிள்ளைகள் கொழும்பிலும் வெளிநாட்டிலும் வேலை செய்ய, லயத்தில் எஞ்சியிருக்கும் முதியவருக்கு நீரிழிவும் இரத்த அழுத்தமும் உண்டு. முதலாளி என ஒருவர் இல்லை. முதலாளியின் கடமையென 1872இற் கட்டப்பட்ட முறையில் அவருக்கு இடம் எங்கும் குறிக்கப்படவில்லை. எஞ்சிய தோட்டத்து மருந்துச்சாலைகளைச் சுகாதார அமைச்சு ஏற்பதாயின், கட்டிடம் நிற்கும் நிலத்தின் உரிமை, அங்கு பணிபுரிவோரின் தராதரம், தமிழறிந்த மருத்துவமாதரின் நியமனம் ஆகிய மூன்றும் முதலில் தீர்க்கப்படல் வேண்டும்.